கத்தி முனையில் வானவில்

சென்ற மாதம் என் அக்கா மகன் எனக்கு இரண்டு மடக்குக் கத்திகளின் படங்களை அனுப்பினான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவன்; மாவிலும் ரோஜாவிலும் ஒட்டுக் கட்டிப் பார்ப்பதில் பெரிய ஆசை. "மாமா, ஒன்றில் டி2 எஃகாம், இன்னொன்றில் 12சி27 எஃகாம். எது நல்ல எஃகு? எதை வாங்கலாம்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தான். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போயிற்று. அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

மடக்குக் கத்தி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நான் செய்த ஒரு பெரிய பிழை.

என் ஊர் புதுச்சேரியின் மேற்குக் கோடியில் உள்ள மண்ணாடிப்பட்டு. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்று வந்தவர்களைப் புதுவைப் பக்கத்தில் 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு சொல்தா தாத்தா என் அப்பாவுக்கு ஒரு மடக்குக் கத்தியைப் பரிசாகக் கொடுத்திருந்தார். மரக் கைப்பிடி, அதன் தலையில் ஓர் இரும்பு வளையம், அலகின் மேல் கிரீடம் வைத்த ஒரு கையின் படம். ஓப்பினெல் என்னும் அந்தக் கத்தியை 1890-இல் பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் என்ற இளைஞர் உழவர்களுக்காகச் செய்யத் தொடங்கினார் என்பதெல்லாம் பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அப்பா அதை மடியில் செருகிக்கொண்டுதான் கொல்லைக்குப் போவார். கயிறு அறுக்க, வெற்றிலைக் காம்பு கிள்ள, கரும்பு சீவ, எல்லாவற்றுக்கும் அதுதான்.

லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வயது பன்னிரண்டு. ஓட்டைப் பிளாஸ்டிக் குடம் ஒன்றை அரிந்து பூச்செடி வைக்க நினைத்தேன். அடியில் துளை போட வேண்டுமே! அப்பாவின் கத்தி முனையை விறகடுப்பில் செருகிச் சிவக்கக் காய்ச்சி, வெண்ணெயில் இறங்குவது போல் குடத்தில் நாலு துளை போட்டேன். பிறகு கத்தியைத் திண்ணையில் ஆற வைத்தேன். ஆறிய கத்தியைப் பார்த்தால் ஒரே அதிசயம். முனை சாம்பல் நிறம். அதை அடுத்து நீலம். அப்புறம் ஊதா, பழுப்பு, கடைசியில் இளமஞ்சள். ஒரு சிறு வானவில்லே கத்தியின் மேல் படிந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை.

மறுநாள் அப்பா அதே கத்தியால் ஒரு கரும்பைச் சீவினார். முனைப் பக்கத்துக் கூர் தகரம் போல மடங்கிக்கொண்டது. அவர் என்னைத் திட்டவில்லை. கத்தியையும் என்னையும் சேர்த்துக் கொல்லுப் பட்டறைக்கு அழைத்துப் போனார். கொல்லர் கத்தியை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "யாரு தம்பி இத நெருப்புல வெச்சது? தோய்ச்சல் போயிடுச்சே!" என்றார். நான் வாயே திறக்கவில்லை. எனக்காக அந்த வானவில் பேசிவிட்டது!

அந்த நிறங்கள் எப்படி வந்தன? எஃகைக் காற்றில் சூடாக்கினால் அதன் மேல் மெல்லிய ஆக்சைடு ஏடு படிகிறது. ஏட்டின் மேற்பரப்பில் பட்டு மீளும் ஒளியும், அதனுள் புகுந்து எஃகில் பட்டு மீளும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. ஏட்டின் தடிப்பைப் பொறுத்துச் சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் எஞ்சுகின்றன. மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் நிறங்கள் தெரிகின்றனவே, அதே கதைதான். சூடு மிகுதியானால் ஏடு தடிக்கும், நிறம் மாறும். சாதாரண கார்பன் எஃகில் இளமஞ்சள் ஏறத்தாழ 220° செ.-இலும், பழுப்பு 260° செ. அளவிலும், ஊதா 280° செ. அளவிலும், நீலம் 300° செ. அளவிலும் தோன்றும். ஆகவே கொல்லருக்கு அது ஒரு வெப்பமானி. கத்தியின் எந்த இடம் எவ்வளவு சூடேறியது என்பதை அவர் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டார்.

சரி, சூடேறினால் கூர் ஏன் மடங்க வேண்டும்? அதற்கு எஃகின் உள்ளே போக வேண்டும்.

எஃகு என்பது இரும்பும் சிறிதளவு கார்பனும் சேர்ந்தது. அப்பாவின் கத்தியில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே கார்பன் இருந்தது. சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் ஒரு வகை அடுக்கில் நிற்கின்றன. அந்த அடுக்கின் இடுக்குகளில் கார்பன் அணுக்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. எஃகை 727° செ.-க்கு மேல் காய்ச்சினால் இரும்பு அணுக்கள் வேறோர் அடுக்குக்கு மாறுகின்றன. (வேடிக்கை என்னவென்றால் இந்தப் புது அடுக்கு முன்னதைவிட நெருக்கமானது, ஆனால் அதிலுள்ள இடுக்குகள் பெரியவை.) கார்பன் அணுக்கள் அந்த இடுக்குகளில் புகுந்துகொள்கின்றன. இப்போது மெல்ல ஆறவிட்டால் அவை நிதானமாக வெளியேறித் தனியே திரண்டுவிடும். மெதுவான எஃகு கிடைக்கும். திடீரென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால்? கார்பன் வெளியேற நேரமில்லை. கல்யாணக் கூடத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போதே நாற்காலிகளை நெருக்கிப் போட்டால் எப்படி இருக்கும்? யாரும் அசைய முடியாது அல்லவா? அப்படி இறுகிப்போன அடுக்குக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அது மிகக் கடினம். கண்ணாடி போல் நொறுங்கக்கூடியதும்கூட.

நொறுங்கும் கத்தியால் யாருக்கு என்ன பயன்? ஆகவே கொல்லர் அதை மீண்டும் இலேசாகச் சூடாக்குவார். கொஞ்சம் கார்பன் இடுக்கிலிருந்து விடுபடும். கடினத்தில் சிறிது குறையும். உறுதி நிறையக் கூடும். கத்தி அலகுகளுக்கு இந்த இரண்டாவது சூடு பெரும்பாலும் 200° செ.-ஐ ஒட்டியே இருக்கும். நான் என்ன செய்துவிட்டேன்? முனையைச் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன். அங்கே மார்ட்டென்சைட் முழுவதும் கலைந்து போயிற்று. நீலம், ஊதா தெரிந்த இடங்களில் பாதி கலைந்தது. இளமஞ்சளுக்கு இப்பால் உள்ள பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொல்லுப் பட்டறை ஏன் எப்போதும் இருட்டாக இருக்கிறது என்று நீங்கள் எண்ணியதுண்டா? கூரை தாழ்வு என்பது மட்டும் காரணமல்ல. இரும்பு எந்த அளவு சிவந்திருக்கிறது என்பதை வெயிலில் மதிப்பிட முடியாது. இன்னொரு சோதனையும் உண்டு. 770° செ. அளவில் இரும்பு தன் காந்தத் தன்மையை இழந்துவிடும். காந்தம் ஒட்டாமல் போகிற நிலையைச் சற்றுத் தாண்டியதும் தோய்ப்பதற்குத் தருணம் வந்துவிட்டது என்று அறியலாம்.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். கடினத்தை ராக்வெல் எண்ணால் குறிப்பார்கள். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோகிராம் விசையுடன் எஃகின் மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதே அந்தச் சோதனை. நல்ல மடக்குக் கத்திகள் 55 முதல் 62 வரை இருக்கும். விக்டோரினாக்ஸ் என்னும் சுவிஸ் கத்தியின் அலகு 56. அரத்தின் கடினம் 60-க்கும் மேல். அதனால்தான் அது கத்தியை அராவுகிறது.

எண் கூடினால் கத்தி நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கத்தி பிடிக்கும் ஆர்வலர்கள் இதைப் பற்றி மணிக்கணக்காக வாதிடுவார்கள். பெரும்பாலும் எண்களை வைத்துக்கொண்டே வாதிடுவார்கள். கடினம் கூடினால் கூர் மடங்காது. ஆனால் பொடிப்பொடியாகச் சிதறலாம். தவிரவும், கடினமும் தேய்மானத்தைத் தாங்குவதும் ஒன்றல்ல. டி2 எஃகில் 1.5 சதவிகிதம் கார்பனும் 12 சதவிகிதம் குரோமியமும் உண்டு. இவை சேர்ந்து குரோமியம் கார்பைடு என்னும் பெரிய, கடினமான மணிகளாக எஃகினுள் கிடக்கின்றன, சிமென்டுக் காரையில் கருங்கல் ஜல்லி கிடப்பது போல. தேய்மானத்தை ஜல்லி தாங்கும். ஆனால் மிக மெல்லிய கூர் தீட்டினால் ஜல்லி பெயர்ந்து விழுந்து பள்ளம் ஏற்படும். ஸ்வீடன் நாட்டு 12சி27 எஃகில் கார்பன் 0.6 சதவிகிதம்தான், மணிகள் மிகச் சிறியவை. அது சீக்கிரம் தேயும். ஆனால் தீட்டுவது எளிது, மென்மையான கூரும் நிற்கும். வனேடியம் மிகுதியாகச் சேர்த்த எஃகுகளும் இருக்கின்றன. அவற்றின் கார்பைடு மணிகள் சாணைக்கல்லைவிடக் கடினமானவை. வைரத்தூள் பதித்த கல் இல்லாமல் அவற்றை ஒழுங்காகத் தீட்ட இயலாது. கிராமத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃகில் 10.5 சதவிகிதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு ஏடு ஒன்று மேற்பரப்பை மூடிக் காக்கும். 1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி இத்தகைய எஃகை உருக்கினார். துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்தைக் குறைக்க முயன்றபோது கிடைத்தது அது. சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போய்ச் சேர்ந்தது. டி2-இல் 12 சதவிகிதம் குரோமியம் இருந்தும் அது ஓரளவு துருப்பிடிக்கும். ஏன் தெரியுமா? அதன் குரோமியத்தில் ஒரு பகுதி கார்பைடு மணிகளில் சிறைப்பட்டுக் கிடக்கிறது. வெளியே காவலுக்கு நிற்பது மிச்சம் இருப்பதுதான்.

டி2-இல் 1.5 சதவிகிதம் கார்பன் என்றேன். இந்த அளவு நமக்குப் புதிதல்ல. மண்ணாடிப்பட்டுக்கு மேற்கே, பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவளூரில், பழங்கால உருக்கு மூசைகளின் எச்சங்களைச் சாரதா சீனிவாசன் என்ற ஆய்வாளர் கண்டறிந்து 1994-இல் வெளியிட்டார். மூசை என்பது களிமண்ணால் செய்த சிறு உருக்குக் கலம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல் அகழ்விலும் இரும்புத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. இத்தகைய மூசைகளில் பிறந்த எஃகுதான் 'ஊட்ஸ்' என்ற பெயரில் ஐரோப்பாவை வியக்க வைத்தது. நம் 'உருக்கு', கன்னடத்தின் 'உக்கு' ஆகிய சொற்களோடு அந்தப் பெயரைத் தொடர்புபடுத்துவார்கள். அதில் கார்பன் 1 முதல் 2 சதவிகிதம் வரை இருந்தது.

எப்படிச் செய்தார்கள்? 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் அதை எழுதி வைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளை மூசையில் இட்டு, அவற்றோடு உலர்ந்த ஆவாரங்கட்டையைப் போட்டு, மேலே பச்சை எருக்கிலைகளை வைத்துக் களிமண்ணால் வாயை அடைத்து, கரி உலையில் வைத்துத் துருத்தி ஊதுவார்களாம். கட்டையும் இலையும் கரியாகி இரும்புக்குக் கார்பனைக் கொடுக்கும். தூய இரும்பு உருகுவதற்கு 1538° செ. வேண்டும், கார்பன் சேரச் சேர உருகுநிலை இறங்கும். ஆகவே கரி உலையின் சூட்டிலேயே எஃகு உருகிவிடும். ஆவாரம்பூவையும் எருக்கையும் நாம் வரப்போரம் பார்த்துக்கொண்டே போகிறோம்!

இந்த எஃகு இங்கிலாந்து சென்றபோது அங்குள்ள கொல்லர்கள் திணறினார்கள். தங்கள் வழக்கப்படி வெண்சூடாகக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தார்கள்; கட்டி உதிர்ந்து போயிற்று. கார்பன் மிகுந்த எஃகின் சில பகுதிகள் அந்தச் சூட்டில் உருகத் தொடங்கிவிடும். செஞ்சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டியது அது. மைக்கேல் ஃபாரடே, மின்னாற்றலில் நமக்கெல்லாம் ஆசான், ஒரு கொல்லரின் மகன். 1819-இல் அவர் ஊட்ஸ் எஃகைப் பகுத்துப் பார்த்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞருடன் சேர்ந்து அதைப் போலச் செய்ய முயன்றார். அலுமினியமும் சிலிக்கனும் சேர்ந்திருப்பதே அதன் சிறப்புக்குக் காரணம் என்று அவர் கருதியது தவறு. எனினும் பிளாட்டினம், ரோடியம், வெள்ளி ஆகியவற்றை எஃகில் கலந்து அவர் செய்த சோதனைகள் இன்றைய கலப்பு எஃகுகளுக்கு முன்னோடி. தம் எஃகில் சவரக் கத்திகள் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தாராம். தவறான கருதுகோளிலிருந்து நல்ல சவரக் கத்தி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

எஃகைப் பற்றிப் பேசிக்கொண்டே போனால் வடிவம் கோபித்துக்கொள்ளும். வெட்டுவது எஃகா, வடிவமா? ஒரு கணக்குப் போடுங்கள். கத்தியின் 5 செ.மீ. நீளம் ஒரு பழத்தின் மேல் படுகிறது. நீங்கள் 1 கிலோகிராம் விசையுடன் அழுத்துகிறீர்கள். கூரின் அகலம் 0.0001 செ.மீ. என்றால் தொடும் பரப்பு 0.0005 சதுர செ.மீ.; அழுத்தம் ஒரு சதுர செ.மீ.-க்கு 2000 கிலோகிராம்! அதே கத்தி மழுங்கிக் கூரின் அகலம் 0.005 செ.மீ. ஆனால் அழுத்தம் 40 கிலோகிராமாக இறங்கிவிடும். விலை உயர்ந்த எஃகு மழுங்கிக் கிடப்பதைவிட மலிவு எஃகு கூராக இருப்பது மேல்.

கூரின் இரு சரிவுகளுக்கும் இடையிலுள்ள கோணமும் முக்கியம். சவரக் கத்தியில் அது ஏறத்தாழ 17 டிகிரி. காய்கறிக் கத்தியில் 30 முதல் 40 டிகிரி. கரும்பு வெட்டும் கொடுவாளில் இன்னும் அதிகம். அது கணுவில் மோதுகிறதே! ஒட்டுக் கட்டும் கத்திக்கு ஒருபுறம் மட்டும் சரிவு வைப்பார்கள். மறுபுறம் தட்டையாக இருப்பதால் வெட்டு வாயும் தட்டையாக அமையும். ஒட்டுக் குச்சியும் தாய்ச்செடியும் இடைவெளியின்றிப் பொருந்தும். அலகின் தடிப்பைப் பாதியாக்கினால் அது எட்டு மடங்கு எளிதாக வளையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெல் அறுக்கும் கருக்கருவாளை எடுத்துப் பாருங்கள். அதற்கு ஏன் பல் வைத்திருக்கிறார்கள்? நெல்தாளில் சிலிக்கா நிறைய இருக்கிறது. மணலில் இருக்கும் அதே பொருள். கதிரை அறுப்பது மெல்லிய உப்புத்தாளை அறுப்பது போல. வழுவழுப்பான கூர் சீக்கிரம் மழுங்கும். பல் வைத்த அலகில் முனைகள் தேய்ந்தாலும் பல்லிடைப் பள்ளங்கள் தாளைப் பிடித்து இழுத்து அறுக்கும். ஷெஃபீல்டில் கத்திகளின் கூர் எவ்வளவு காலம் நிற்கிறது என்று சோதிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதில் கத்தி அறுப்பது எதை என்கிறீர்கள்? சிலிக்கா கலந்த அட்டையை! நம் உழவர்கள் அந்தச் சோதனையை ஒவ்வோர் அறுவடையிலும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மென்மையான பொருளும் எஃகைக் கெடுக்கும். முகமயிர் சவரக் கத்தியைவிட ஏறக்குறைய 50 மடங்கு மெதுவானது. அது எப்படிக் கூரை உடைக்கிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் அடியிலேயே சவரம் செய்து பார்த்து 2020-இல் எழுதினார்கள். மயிர் சாய்ந்த கோணத்தில் பட்டு, எஃகின் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடமாகப் பார்த்துச் சிறு சில்லைப் பெயர்க்கிறது என்று கண்டார்கள்.

மடக்குக் கத்திக்கென்றே உரிய பலவீனம் அதன் மூட்டு. அலகை ஒரு நெம்புகோலாக எண்ணுங்கள். முனை மூட்டிலிருந்து 8 செ.மீ. தொலைவில், அலகைத் தாங்கும் பூட்டு அரை செ.மீ. தொலைவில். முனையில் 3 கிலோகிராம் விசை கொடுத்தால் பூட்டின் மேல் அதைப் போல் 16 மடங்கு, அதாவது 48 கிலோகிராம் விசை விழுகிறது. ஆகவே மடக்குக் கத்தியால் எதையும் நெம்பாதீர்கள். சுவிஸ் கத்தியில் பூட்டே இல்லாத வகைகளில் முதுகிலுள்ள வில் அலகை அழுத்திப் பிடிப்பதோடு சரி. தவறான பக்கம் அழுத்தினால் விரல் மேல் மடங்கிவிடும். அப்பாவின் கத்தியிலிருந்த வளையம் 1955-இல் வந்த ஏற்பாடு. ஒரு பிளவுள்ள அந்த வளையத்தைத் திருகினால் பிளவு நகர்ந்து அலகின் வழியை அடைத்துவிடும். எவ்வளவு எளிமை! அதன் குறை மழைக்காலத்தில் தெரியும். மரக் கைப்பிடி ஈரத்தை உறிஞ்சி ஊதி, அலகை வெளியே விடாது. அப்பா கைப்பிடியின் அடிப்பக்கத்தைக் கல்லில் ஓங்கித் தட்டித் திறப்பார்.

மருமகனுக்கு 12சி27 கத்தியை வாங்கச் சொல்லி எழுதினேன். ஒட்டுக் கட்டுவது பச்சைக் குச்சியில். வேண்டியது மென்மையான கூர். பச்சைச் சாறு படும், துருப்பிடிக்கக் கூடாது. வாரம் ஒரு முறை அவனே தீட்டிக்கொள்ள வேண்டும். அலகு மெல்லியதா, கைக்குப் பொருந்துகிறதா, பூட்டு ஆடுகிறதா என்று கடையில் பார்க்கும்படியும், பள்ளிக்கூடப் பையில் அதைப் போடவே கூடாது என்றும் சேர்த்து எழுதினேன். கரும்புக் கொல்லையில் நாள் முழுவதும் கயிறும் சாக்கும் அறுக்கிறவர் கேட்டிருந்தால் டி2-ஐச் சொல்லியிருப்பேன்.

அன்று பட்டறையில் அப்பா, "மறுபடி தோய்ச்சல் வைக்க முடியாதா?" என்று கேட்டார். "வைக்கலாம். மூட்டுக் கடாவிப் புடியக் கழட்டணும், அலகு முழுசும் செவக்கணும். மெல்லிசு, தோய்ச்சா கோணிக்கும்" என்றார் கொல்லர். பிறகு அலகைப் பட்டடையில் வைத்து, நீலம் முடிகிற இடம் பார்த்து வெட்டுளியால் ஒரே போடு. இரண்டு விரற்கடை நீளம் துண்டாகி விழுந்தது. மிச்சத்தைச் சாணையில் பிடித்துப் புது முனை எடுத்தார். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தண்ணீரில் தோய்த்துக்கொண்டே தீட்டினார். சாணைச் சூட்டில் மீண்டும் நீலம் ஏறிவிடக் கூடாதே! வெட்டுண்ட துண்டை என் கையில் கொடுத்து, "வெச்சுக்க தம்பி" என்றார்.

கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. அலகு கறுத்துவிட்டது, 6 செ.மீ.தான் நீளம். தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்த அந்தத் துண்டை, ஒளிக் குறுக்கீடு பாடம் நடத்தும் நாளில் வகுப்புக்கு எடுத்துச் சென்று மாணவர்களிடம் கொடுப்பேன். நிறங்கள் சற்று மங்கியிருக்கின்றன. ஆனாலும் சன்னல் பக்கம் கொண்டு போய்ச் சாய்த்துப் பிடித்தால், சாம்பலும் நீலமும் தெளிவாகத் தெரிகின்றன. ஓரத்தில் ஊதாவும் கொஞ்சம் இருக்கிறது.